ஜின் கேட்ட கதவு

சாய்ந்தமருதில் பக்கீர் முகைதீன் என்றொரு வயற்காரரை ஒரு பெண் ஜின் கட்டிக்கொண்டுவிட்டது என்ற செய்தி, 1955 பங்குனியில், அறுவடை முடிந்த கையோடு கல்முனைச் சந்தைக்கு வந்து சேர்ந்தது. எனக்குச் சொன்னவர் தேத்தண்ணிக் கடை ஜெமீல். அவருடைய தேத்தண்ணியில் எவ்வளவு பால் இருக்குமோ அவ்வளவுதான் அவருடைய செய்தியில் உண்மையும் இருக்கும் என்பது என் அனுபவம். ஆனால் அன்று அவர் குரலில் கலப்படமே இல்லாத ஒன்று இருந்தது. பொறாமை.

"நாப்பத்திரண்டு வயசு மனிசன் தம்பி. காதுக்குள்ள மயிர் முளைச்சிட்டு. உலகத்துல வேற ஆம்புளயே இல்லையெண்டா அந்த ஜின் இவன்ட வயல் வாடிக் குடிலுக்குப் போயிருக்கு?"

"நீங்க கண்டீங்களா?"

"நான் எங்க காண்ற? எனக்குத்தான் ஒண்டும் வாறல்லயே."

சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று கிளம்பினேன். ஜெமீலுக்குச் சொன்னவர் ஒரு பஸ் கொண்டக்டர். கொண்டக்டருக்குச் சொன்னது அவருடைய மனைவி கமீலா. கமீலாவுக்கு வேலிக்கு மேலால் சொன்னது அடுத்த வளவுக்காரி ஸுலைஹா. ஸுலைஹா யாரென்றால், பக்கீர் முகைதீனின் மனைவி. வதந்தியின் ஊற்றுக்கண் இவ்வளவு கிட்டத்தில், அதுவும் பாதிக்கப்பட்ட வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் உம்மாவும் ஸுலைஹாவும் ஒரே தாய்வழிக் குடி. அந்த வழியில் அவள் எனக்கு அக்கா முறை, எங்கள் பேச்சில் ராத்தா. அதனால் முற்றத்தில் குந்தியிருந்து கதைக்க இடம் கிடைத்தது. ஸுலைஹா நெல் அவித்துக் குத்தி அரிசி விற்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். உலக்கை போடும்போது அவள் யாரை நினைத்துப் போடுகிறாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அது கிழமைக்குக் கிழமை மாறும். அவளுடைய பொறாமை அப்படிப்பட்டது. ஆள் பார்க்காது, அஃறிணை பார்க்காது. கல்யாணமான புதிதில் பக்கீர் முகைதீன் காலையில் எழுந்ததும் சைக்கிளைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பாராம். எட்டாம் நாள் தேத்தண்ணி வரவில்லை. கேட்டதற்கு, "அதுக்கிட்டயே வாங்கிக் குடிங்க" என்று பதில் வந்தது. தன்னுடைய பேட்டுக்கோழி ஒன்று கமீலாவின் வளவில் போய் முட்டையிட்டது என்பதற்காக அன்று பகலே அதை அறுத்து ஆணம் காய்ச்சினாள். ஒரு துண்டுகூடக் கமீலாவுக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் இவையெல்லாம் சில்லறை. பெரிய வழக்கு ஆறு வருஷத்துக்கு முந்தியது. மகளின் காது குத்துக் கல்யாணத்துக்கு இறக்காமத்திலிருந்து பக்கீர் முகைதீனின் மூத்த ராத்தா சபூறா வந்திருந்தாள். புருஷனை இழந்தவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள். சபை நிறைந்திருந்த நேரம், தம்பியின் தோளைத் தடவிக்கொண்டு, "இஞ்ச வந்து என்ட தம்பி மெலிஞ்சு போனான்" என்று சொல்லிவிட்டாள்.

விருந்து முடிந்தது. சபூறாவின் வண்டி தெரு திரும்பியது. ஸுலைஹா புருஷனைக் கூப்பிட்டு ஆணையிட்டாள்: "ஒங்கட ராத்தாட வாசலை மிதிச்சா அதுக்குப் பொறகு என்ட வாசலை மிதிக்காதீங்க. அல்லாஹ் மேல ஆணை."

இது வெறும் கோபப் பேச்சல்ல என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் கரையில் ஆண்தான் கல்யாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறவன். வீடும் வளவும் கிணறும் அவள் பெயரில். அவன் கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு சைக்கிள். அவள் வாசலை மூடினால் அவன் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான். அதேபோல அவன் இன்னொருத்தியைத் தேடினால் அந்த இன்னொருத்தி இங்கே வரமாட்டாள். இவன்தான் அங்கே போவான். இவனுக்குப் பின்னால் நெல்லும் போகும். ஸுலைஹா பயந்ததெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான்: மனிதன் போய்விடக் கூடாது.

"அப்படியிருக்க ஜின் எப்படி ராத்தா வந்த?" என்று கேட்டேன்.

அவள் உலக்கையை உரலில் சாத்தினாள். "எனக்கென்ன தெரியும் தம்பி? கார்த்திகையில வயல் காவலுக்கு இறக்காமம் போற மனிசன். போறப்ப தலை காஞ்ச வைக்கலாட்டம் போகுது. வெள்ளிக்கிழமை வாறப்ப எண்ணெய் ஒழுக ஒழுக வருது. இறக்காமத்து வாடியில ஆர் எண்ணெய் வைக்கிற? யானையா?"

"வேற ஏதும்?"

"வண்டியில வந்த நெல்லுல ரெண்டு மூடை குறைவு. கேட்டா எலி எண்டார். எலி நெல்லைத் தின்னும். சாக்கையும் கட்டித் தூக்கிட்டுப் போகுமா? ஜின்தான் எண்டு நான் முடிவு கட்டினன்."

பக்கீர் முகைதீனைப் பிறகு தனியாகச் சந்தித்தேன். கூச்சமான மனிதர், கற்பனை குறைவு. முதல் நாள் அவர் மறுத்திருக்கிறார். "ஜின்னுமில்ல, ஒண்டுமில்ல" என்று சொல்ல, "அப்ப எண்ணெய் வச்சது ஆர்?" என்று ஸுலைஹா கேட்டாளாம். அவர் முற்றத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில், "ஜின்தான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஒப்புக்கொண்ட மறுநாளே அவர் பெரிய மனிதராகிவிட்டார். சலூனில் முன் கதிரை கிடைத்தது. ஜெமீலின் கடையில் தேத்தண்ணி இலவசம். ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு விபரம் கொடுக்கவேண்டும். முதல் கோப்பைக்கு, நிறம் பால் என்றார். இரண்டாவதுக்கு, முடி கணுக்கால் வரை என்றார். மூன்றாவதுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "நல்லாச் சமைப்பா" என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர்களில் ஒருவர் அன்று வீட்டுக்குப் போய், தனக்கும் வயற்காவல் போகவேண்டியிருக்கிறது என்று சொன்னாராம். அவருக்கு வயலே கிடையாது.

இந்த விபரங்கள் பொழுது படுமுன் கொண்டக்டர் வழியாகக் கமீலாவுக்கும், கமீலா வழியாக ஸுலைஹாவுக்கும் போய்விடும். வேலியடியில் நின்று கமீலா சொன்னதை நானே கேட்டேன். "ஒனக்கென்னகா குறை? ஒன்ட மனிசனைத் தேடி ஜின் வருது. என்ட மனிசனைக் கடிக்க நுளம்பும் திரும்பிப் பாக்கிறல்ல."

ஸுலைஹா சிரிக்கவில்லை. அவள் வேலிக்கு மேலால் அனுப்பியபோது அந்த ஜின்னுக்கு முடியே இருக்கவில்லை. திரும்பி வரும்போது கணுக்கால் வரை வளர்ந்திருந்தது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு தன் பின்னலை அவிழ்த்து அளந்து பார்த்திருக்கிறாள். இடுப்புக்கு நாலு விரல் கீழே. மறுநாள் கண்ணுக்குச் சுறுமா வாங்கினாள். சோறு போடும்போது புருஷனிடம் மெல்லக் கேட்டாள்.

"அவ என்ன சமைப்பா?"

"விரால் மீன் ஆணம்."

"என்ட ஆணத்தை விடவா?"

பக்கீர் முகைதீன் பொய் சொல்லத் தெரியாதவர். ஜின் விஷயத்தில் ஏதோ தவறிச் சொல்லிவிட்டார். இப்போது வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமைக்குப் பிறகுதான் ஜின்னை ஓட்ட லெப்பை வந்தார்.

அப்துல் ஸமட் லெப்பை நல்ல மனிதர். ஓதி ஊதவேண்டிய தொழிலில் அவருக்கு மூச்சிழுப்பு வியாதி. ஜின் இறக்குவதற்கு பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகுதான் நேரம் என்றாலும், மஃரிபுக்கு அவருக்கு நிந்தவூரில் ஒரு கல்யாணச் சோறு இருந்ததால், பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் வைத்துக்கொண்டார். பக்கீர் முகைதீன் புதுப் பாயில் உட்கார்ந்தார். சாம்பிராணி போட்டார்கள், முதலில் இருமியவர் லெப்பை. ஸுலைஹா திரைக்குப் பின்னால். வேலிக்குப் பின்னால் மிச்ச ஊர்.

"நீ ஆரு?"

லெப்பை இன்னொரு பிடி சாம்பிராணி போட்டார்.

"இஸ்லாமான ஜின்னா, காபிரான ஜின்னா?"

"இஸ்லாந்தான்" என்றது ஜின், அவசரமாக. குரல் பக்கீர் முகைதீனுடையதுதான். சற்றே மேலே ஏறியிருந்தது.

"எந்த ஊரு?"

"இறக்காமம்."

"பள்ளிப் பக்கமா, குளத்துப் பக்கமா?"

"குளத்துப் பக்கம்."

"இந்த மனிசனை விட்டுட்டுப் போறயா?"

"போறன். சும்மா போகமாட்டன்."

லெப்பைக்கு ஆறுதலாக இருந்தது. இது அவருக்குப் பழகிய பேரம். "என்ன வேணும்? கறுத்த சேவலா? அத்தரா? மல்லிகைப் பூவா?"

"கதவு."

"என்ன?"

"கதவு. முதிரை மரக் கதவு. ரெட்டைக் கதவு. இந்த வளவுல கிணத்தடியில சாத்திக் கிடக்கிற கதவு."

முப்பது வருஷத் தொழிலில் லெப்பையிடம் எந்த ஜின்னும் மரச்சாமான் கேட்டதில்லை. "நீங்க சுவரால போற சாதி" என்றார், கொஞ்சம் மரியாதை கூட்டி. "ஒங்களுக்கென்னத்துக்குக் கதவு?"

ஜின் யோசித்தது. "குளிருது. நிலை வச்சாச்சு, கதவுதான் இல்ல."

திரைக்குப் பின்னாலிருந்து ஸுலைஹாவின் குரல் வந்தது. "அளவு என்னவாம்?"

"உசரம் நாலு முழம், அகலம் ரெண்டரை" என்றது ஜின், தச்சு ஓடாவியைப் போல.

கிணற்றடியைப் பார்க்கத் திரை ஒரு விரலளவு விலகியது. பிறகு, "தாறன். போகச் சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கதவு அவளுடைய உம்மாவின் பழைய வீட்டுக் கதவு. வீடு இடித்துக் கட்டியபோது கழற்றி, மகள் பெரியவளானதும் அவளுடைய வீட்டுக்குப் போடலாம் என்று வைத்திருந்தது. மகளுக்கு இப்போது எட்டு வயது.

நான் அன்றிரவு தூங்காமல் கிடந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகத் தூங்கிவிட்டு, காலையில் புத்தகங்களைப் புரட்டினேன். உலகத்தில் மனிதனைக் கட்டிக்கொண்ட அமானுஷ்யப் பெண்களுக்குக் குறைவில்லை. ஸ்கொட்லாந்துக் கடலோரத்தில் சீல் என்ற கடல்நாயின் தோலைக் கழற்றிவைத்துவிட்டுப் பெண்ணாக வருகிறவள் இருக்கிறாள். புருஷன் ஒளித்துவைத்த தோல் கையில் கிடைத்ததும் கடலுக்குள் போய்விடுவாள். ஜப்பானில் நரி மனைவியாக வரும்; நாய் குரைத்தால் குட்டு வெளிப்படும். நோர்வேக் காட்டில் ஒருத்திக்குப் பின்னால் மாட்டு வால். கிறிஸ்தவக் கோயிலில் வைத்துக் கல்யாணம் முடித்தால் அது விழுந்துவிடுமாம். நம் சிங்களச் சகோதரர்களிடம் கறுத்த இளவரசன் ஒருவன் இருக்கிறான். அவன் பெண்களைத்தான் பிடிப்பான். தோல் கேட்டவள் உண்டு, பிள்ளையைக் கேட்டவள் உண்டு, உயிரையே கேட்டவளும் உண்டு. முதிரையில், இரட்டைக் கதவாக, உயரம் நாலு முழத்துக்குக் கேட்டவள் ஒருத்தியுமில்லை. கதவு கேட்கிறவளுக்கு வீடு இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் புது வீடு கட்டுகிறவளுக்குக் கல்யாணத்துக்கு ஒரு மகள் இருக்கவேண்டும்.

பாதித் தூரம் பஸ்ஸிலும் மீதி நெல் வண்டியிலுமாக இறக்காமம் போனேன். குளத்துப் பக்கம் புதுச் சுவர், புதுக் கிடுகுக் கூரை. நிலை நின்றது, கதவுக்குப் பதிலாக ஒரு பன்பாய் தொங்கியது. பாயை விலக்கிக்கொண்டு சபூறா வந்தாள். ஐம்பது வயதிருக்கும், முகத்தில் தம்பியின் மூக்கு.

"இந்தப் பக்கம் ஜின் இருக்கிறதாக் கேள்விப்பட்டு வந்தன் ராத்தா."

"ஓம், இருக்கு. நான்தான்." அவள் முக்காட்டைச் சற்று ஒதுக்கிக் காட்டினாள், எலி வாலளவு பின்னல். "கணுக்கால் வரைக்கும் எண்டு சொன்னானாம், கள்ளன். குந்துங்க மனே, சோறு தின்னிட்டுப் போங்க."

மகள் நபீலாவுக்கு ஆனியில் கல்யாணம். வீடு முடியாமல் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க மாட்டார்கள். வாப்பா இல்லாத பெண்ணுக்கு மாமன்தான் வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். எங்கள் கரையில் இதற்கு ஆணையெல்லாம் தடையாகாது. குறைந்த இரண்டு மூடையும் ஓடாவிக்கும் கிடுகுக்கும் போயிருந்தது. பக்கீர் முகைதீன் காவலுக்கு வந்த நாளெல்லாம் இங்கேதான் தின்றார், இங்கேதான் மண் குழைத்தார். மாடத்தில் கருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்ப் போத்தல் இருந்தது. விரால் மீன் ஆணம் வந்தது. ஜின்னைக் குறைசொல்ல முடியாது.

"தம்பியை ஜின் பிடிச்சதெண்டு ஊர் சிரிக்குதே ராத்தா. உண்மையைச் சொன்னா என்ன?"

"சொன்னா அவள் கதவைச் சாத்துவா. அவன் பெட்டியைத் தூக்கிட்டு இஞ்ச வந்து நிப்பான். எனக்குக் கதவே இல்ல." பிறகு அவள் முகம் மாறியது. "பதினெட்டு வருஷம் நான் எண்ணெய் வச்ச தலை, மனே. அவள் கொண்டுபோய்க் காயப் போட்டிருக்கிறா. மெலிஞ்சு போனான் எண்டு சொன்னதுல என்ன பொய்?"

"இப்ப நல்லாத்தானே கொழுத்திருக்கார்?"

"ஓம். என்ட சோத்துல."

எங்கள் ஊரில் ஒருத்தியைத்தான் பொறாமைக்காரி என்று நினைத்திருந்தேன். பதினைந்து மைல் தள்ளி அவளுக்கு ஒரு ஜோடி இருந்தது.

திரும்பிப் போய் ஸுலைஹாவிடம் எப்படிச் சொல்வது என்று வண்டி முழுக்க ஒத்திகை பார்த்தேன். சொன்னால் ஆணை, ஆணையென்றால் வாசல். சொல்லாவிட்டால் ஒரு பெண் இல்லாத ஜின்னை நினைத்துச் சுறுமா போட்டுக்கொண்டிருப்பாள். முற்றத்தில் கால் வைத்ததும் அவளே தொடங்கினாள்.

"இறக்காமம் போனீங்களாம். ஜின் சுகமா இருக்கிறாவா?"

நான் குந்த இடம் தேடினேன்.

"கருஞ்சீரக எண்ணெய் தம்பி. எங்கட கல்யாணத்தண்டு அவர்ர தலையில அதே மணம். மூக்கு உள்ளவளுக்குத் தெரியாதா? முதல் வெள்ளிக்கிழமையே தெரியும்."

"அப்ப ஏன் ராத்தா ஜின் எண்டு சொன்னீங்க?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். வேலிக்கப்பால் கமீலா இல்லை. "ராத்தாட வீட்டுக்குப் போறார் எண்டு என்ட வாயால சொன்னா, அவர் என்ட வாசலை மிதிக்கேலா. ஆணை போட்டவள் நான். ஜின்ட வாசலுக்கு நான் ஆணை போடல்லயே. ஊர் முழுக்க ஜின் எண்டு கதைச்சா, ராத்தா எண்டு ஒருத்தரும் கதைக்கமாட்டாங்க. மனிசன் வீட்டுல இருப்பார்."

எழுத்துத் தொழிலில் பத்து வருஷம் இருக்கிறேன். ஒரு வீட்டைக் காப்பாற்ற இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யைக் கட்டியவரை நான் கண்டதில்லை. எனக்கும் பொறாமையாகத்தான் இருந்தது.

"அப்படியெண்டா லெப்பையை ஏன் கூப்பிட்டீங்க?"

"கணுக்கால் வரைக்கும் முடி எண்டு சொன்னார்தானே?" ஸுலைஹாவின் கண் சிவந்தது. "ராத்தாவைப் பொறுத்துக்கலாம். அதை எப்படிப் பொறுக்கிற? ஒருநாளும் என்ட முடியைப் பத்தி ஒரு சொல் சொல்லாத மனிசன்!"

சித்திரையில் ஒரு காலை, கிணற்றடியிலிருந்து கதவு வண்டியில் ஏறியது. பக்கீர் முகைதீன் சந்தோஷமாகக் கயிறு கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் கவனித்தார்: வண்டியில் இருந்தது இரட்டைக் கதவில் ஒரு பக்கம். மற்றப் பக்கத்துக்கு முன்னால் ஸுலைஹா நின்றாள்.

"மத்தது?"

"ஜின் பாதிதானே போயிருக்கு. முழுசாப் போனாக் கொண்டுபோங்க."

"முழுசாப் போறதெண்டா எப்படி?"

"தம்பி மெலியல்ல எண்டு ஒரு சொல் சொல்லட்டும். வேலிக்கு மேலால இல்ல. இஞ்ச வந்து, இந்த முற்றத்துல நிண்டு."

இறக்காமத்திலிருந்து பதில் அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய் ஒழுகும் தலையோடு வந்தது. கதவு முழுதாக வந்து சேர்ந்தால் சொல்லைப் பற்றி யோசிக்கலாமாம். ஜின் இன்னும் விடவில்லை என்று ஜெமீல் கடையில் பேசிக்கொண்டார்கள். பக்கீர் முகைதீனுக்கு இலவசத் தேத்தண்ணி தொடர்ந்தது.

ஆனியில் நபீலாவின் கல்யாணம் நடந்தது. புதுமாப்பிள்ளை இப்றாஹிம் குடிபுகுந்த வீட்டின் நிலையில் ஒரு பக்கம் முதிரைக் கதவு, மறுபக்கம் பன்பாய். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, கொளுவ இடமில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பாய்க்குள்ளால் ஆடு நுழைந்திருக்கிறது, மாமி சபூறா நுழைந்திருக்கிறாள்.

அதனால்தானோ என்னவோ, போன கிழமை இப்றாஹிம் சைக்கிளில் சாய்ந்தமருதுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கிணற்றடியில் மற்றப் பக்கக் கதவை ஸுலைஹா கல்லின்மேல் கிடத்தி, அதில் மிளகாய் காயப்போட்டிருந்தாள். புது மருமகனுக்குச் சோறு வைத்தாள். அன்றைக்கென்றே விரால் வாங்கியிருந்தாள்.

"ஒங்கட மாமிட ஆணத்தை விட எப்படி?"

இப்றாஹிம் கதவை ஒரு தரம் பார்த்தார். பக்கீர் முகைதீனைப் போலல்ல, விபரமான பிள்ளை. "வல்லாஹி மாமி, இதுதான் நல்லம்."

ஸுலைஹாவின் முகம் மலர்ந்தது. இன்னொரு துண்டு மீன் வைத்தாள். "இதை இறக்காமத்துல போய்ச் சொல்லுங்க மகன். சொன்ன உடனே வண்டியை அனுப்புங்க."

அவர் போய் ஆறு நாளாகிறது. வண்டி வரவில்லை. மிளகாய் நன்றாகக் காய்ந்துவிட்டது. நேற்று அதே கதவில் புளி காயப்போட்டாள்.